போஞ்சி முனி

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற சாமியை உண்டாக்கியவள் நான்தான். வாய்விட்டுச் சொன்னால் லயத்துச் சனம் என்னை உரித்து உப்புத் தடவிவிடும், அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரின் கழுத்தில் அந்தக் கட்டி வராமல் இருந்திருந்தால் இந்த ரகசியம் என்னோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

அந்தச் சாமி முன்னாளில் ஓர் அம்மிக் குழவி. பதினொரு வருசம் நான் அதில் மிளகாய் அரைத்திருக்கிறேன். ஒருநாள் என் வீட்டுக்காரர், ஏதோ உதவி செய்கிற நினைப்பில், கழுவித் தருகிறேன் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் விழுகிற பாறையிலேயே அதைப் போட்டு இரண்டாக உடைத்துக்கொண்டு வந்தார். கருங்கல்லை உடைக்கிறதுக்கு ஒரு மனுசனுக்குத் தனித் திறமை வேண்டும். “அடுத்த மாசம் புதுசு வாங்கித் தர்றேன்” என்றார். அந்த அடுத்த மாசம் மூன்று வருசமாக வரவில்லை. நான் எங்கள் வீட்டை ஒட்டிய பக்கத்துக் காம்பரா அக்காவின் அம்மியில் போய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன்.

காம்பராவுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம் இருக்கிறது. அதில் கம்பு நட்டுப் போஞ்சிக் கொடி போட்டிருந்தேன், டவுன் ஆட்கள் பீன்ஸ் என்பார்களே, அது. காலையில் பார்த்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவேன், சாயங்காலம் வந்தால் காய் இருக்காது. அக்கா வீட்டில் போஞ்சிக் கறி மணக்கிற நாளும் என் கொடி மொட்டையாகிற நாளும் ஒரே நாளாக இருக்கும். கேட்க முடியுமா? அம்மி அவளுடையது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்த குழவியின் பாதியைப் போஞ்சிப் பாத்தி ஓரத்தில் நட்டேன். கனமாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். முதலில் பார்த்தது அக்காதான்.

“இது எப்ப வந்துச்சு தங்கச்சி?”

“கொத்தும்போது கெடச்சிச்சிக்கா. மூணு நாளா கனவுல வந்து ஒரே தொல்லை. களவெடுக்கிறவங்கள விடமாட்டேங்குது.”

அக்கா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எடுத்த கைதான் முதலில் கும்பிட்டது.

ஆனால் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்ட நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் ஐந்தாம் நம்பர் மலைக்குப் போகிற பாதை என் பாத்தியை ஒட்டித்தான் போகிறது. தேயிலையின் முதல் வரிசை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொழுந்தெடுக்கத் தொடங்குமுன் முதல் கிள்ளுக் கொழுந்தைச் சாமிக்கு வைப்பது எங்கள் வழக்கம், நானே வைக்கிறவள்தான். குங்குமம் வைத்த கல் ஒன்று வழியிலேயே நின்றால் சனம் சும்மா போகுமா? அடுத்த ஞாயிறு வருமுன், ஒரு கிழமைக்குள்ளேயே, என் குழவியின் காலடியில் தினமும் கொழுந்து குவிந்தது. பாத்தி ஓரம் மிதிபட்டுக் களிமண்ணானது. கங்காணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பேரும் வைத்துவிட்டார்கள்: போஞ்சி முனி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். குழவியை நட்டு முனியாய் முடிந்த கதை எங்கள் வீட்டில்தான்.

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒடஞ்சது சாமின்னா, ஒடச்ச நான் யாருடி?”

“தண்டம்” என்றேன்.

ஒன்று சொல்லவேண்டும், போஞ்சி அதன்பிறகு களவு போகவில்லை.

அடுத்த மழைக்குள் அவர் தாடையின் கீழே அந்தக் கட்டி வந்தது. தாடி வழிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவு வரும்வரை மனுசன் என்னிடம் சொல்லவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவுக்கு மூன்று கிழமை ஆகும் என்றார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் “பய வென்ன எபா” என்றார். பயப்படாதே என்று ஒரு டாக்டர் சொன்னால், அது எந்தப் பாஷையில் இருந்தாலும், அந்த நிமிசத்திலிருந்துதான் பயமே வருகிறது. திரும்பி வரும் பஸ்ஸில் நானுஓயா தாண்டும்போது, “இந்தவாட்டி பாத்தியில லீக்ஸும் போட்டுப் பாப்பமா” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபது வருசம் கூட இருந்த மனுசன் இல்லாமல் போய்விடுவாரோ என்று எனக்குக் குலை நடுங்குகிறது, இவருக்கு லீக்ஸ்!

விசயம் லயம் முழுக்கப் பரவியது. அக்கா தினமும் விடியக்காலையில் போஞ்சி முனிக்குச் சூடம் கொளுத்தினாள். “முனி கைவிடாது தங்கச்சி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அந்த முனியின் முதுகில் எத்தனை கிலோ மிளகாய் அரைபட்டது என்று எனக்கல்லவா தெரியும்!

முடிவு வாங்கப் போகிற அன்று காலை, தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். பனி மூடியிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், குழவிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

“இந்தாங்க, என்ன பண்றீங்க?”

“கம்பு சாஞ்சி கெடந்துச்சி. நிமித்தி வெக்கலாம்னு.”

கம்பு எல்லாம் நேராகத்தான் நின்றன. அவர் நெற்றியில் ஈரம் காயாத குங்குமம் வேறு. நான் வழி விட்டேன், அவர் உள்ளே போனார்.

நான் நின்றேன். சுற்றும் பார்த்துக்கொண்டு குழவியிடம் சொன்னேன்: “இந்தா பாரு. ஒன்னைய சாமியாக்குனது யாரு? நான். இல்லாட்டி நீ கான்ல கெடந்து அழுக்குத் தண்ணி குடிச்சிருப்ப. ஊரே ஒனக்கு நன்றி சொல்லுது, நீ எனக்கு எப்ப சொல்லப்போற? அந்த மனுசன் ஒன்னைய ஒடச்சது தப்புத்தான். அதுக்காக அவரு மேல கைய வெச்சிராத. எனக்கு அவர விட்டா ஆளில்ல. அவர விட்டுக் குடு. இந்தக் கொடியில காய்க்கிற அம்புட்டையும் லயத்துக்கே ஆக்கிப் போட்டுர்றேன்.”

மிரட்டத்தான் ஆரம்பித்தேன், முடியும்போது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு கிள்ளுக் கொழுந்து எடுத்து அதன் காலடியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பயந்த நோய் இல்லை என்றார்கள். ஏதோ கிருமியாம், ஆறு மாசம் மாத்திரை போட்டால் கரைந்துவிடுமாம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். “ஒங்களால எம் போஞ்சி போச்சு!” என்றேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

நேர்ந்தது நேர்ந்ததுதான். வந்த ஞாயிற்றுக்கிழமை கொடியை மொத்தமாகப் பறித்து, லயத்துக்கே சோறும் போஞ்சிக் கறியும் ஆக்கிப் போட்டேன். அண்டா கொடுத்ததும், காய் நறுக்கியதும், அடுப்பு ஊதியதும் அக்காதான். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். “ஒன் போஞ்சி ருசி எனக்கு முந்தியே தெரியும்டி” என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் இன்னொரு கரண்டி வைத்தேன். இருபது நாளாக விடியக்காலைக் குளிரில் சூடம் கொளுத்தியவளுக்கு வேறென்ன செய்ய?

பாத்திரம் கழுவி முடிக்கிற நேரத்தில், பூண்டுலோயா டவுனுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் தோளில் உரச்சாக்கோடு வந்தார். மூச்சு வாங்க இறக்கி வைத்தார். உள்ளே புதுக் குழவி.

“என்ன, அடுத்த மாசம் வந்திருச்சா?”

“நேந்துக்கிட்டேன். அன்னிக்கிக் காலையில.”

“கட்டி கரையணும்னு எவனாவது கொழவிய நேந்துக்குவானா?”

அவர் சாக்கை நாலாய் மடித்து வைத்தார். “கட்டியப் பத்தி எங்க கேட்டேன்? நான் போயிட்டா ஒனக்கு அரைக்க ஒரு கொழவிகூட இல்லையேன்னு நெனச்சேன். அத வாங்கிக் குடுக்கிற மட்டும் விட்டு வையின்னேன்.”

நான் குழவியை என் பக்கம் உருட்டிக்கொண்டேன். “இதையும் போட்டு ஒடச்சீங்க, ஒங்களையே நட்டு வெச்சு மஞ்சள் பூசிருவேன்” என்றேன்.

புதுக் குழவியில் நான் முதலில் அரைத்தது மஞ்சள்தான். வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய்ப் பழைய பாதிக்கு அழுந்தப் பூசினேன். கொடியில் அன்று காவல் காக்க ஒரு காய்கூட இல்லை.