வயிறு ஆடாமல் நிறுத்தியவர்

ஏர்பேட்டில் பேருந்து நின்றிருந்தபோது அம்மாவிடமிருந்து இரண்டாவது அழைப்பு வந்தது. காலையில் வந்த முதல் அழைப்பில், "நைனாவுக்கு நெஞ்சு வலிக்குது, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துக்கினு இருக்கோம், கிளம்பி வா" என்றிருந்தார். ஸ்ரீசிட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்தேன். இரண்டாவது அழைப்பில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மெதுவாவே வாடி. இனிமே அவசரம் இல்ல."

என் தந்தை முனிரத்தினம் அவர்களைத் தெரியாத டிரைவர் சித்தூரில் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூர் சாலையில் ஒரு தகர ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு பிரேக் வேலை பார்த்தவர். இன்ஜின் வேலையும் அவருக்கு அத்துப்படிதான். ஆனால், "இன்ஜின் கெட்டா வண்டி நிக்கும். பிரேக் கெட்டா நிக்காது. அதான் பெரிய வேல" என்பார். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைத் தெலுங்கில்தான் முடிப்பார். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி, எனக்கு நைனா.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் வேலை முடிந்த எந்த வண்டியையும், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். ஊரைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே இறங்கும் ஒரு சரிவுதான் எங்கள் பரீட்சை மைதானம். மேலிருந்து வேகமாக இறங்கி, பாதியில் பிரேக்கை மிதிப்பார். வண்டி நின்றதும் என்னைப் பார்த்து, "வவுறு இன்னா சொல்லுது பாப்பா?" என்பார். நான் யோசித்து, "வவுறு ஆடல, நைனா" என்று தீர்ப்புச் சொல்வேன். "அப்போ வண்டிய குடுத்துடலாம்" என்று ஷெட்டுக்குத் திருப்புவார். ஜீப், லாரி, பள்ளிக்கூட வேன் என்று நான் ஏறாத வண்டி இல்லை. எனக்கு அது ஊர்வலம், அம்மாவுக்கோ வாசலில் நின்று வழி பார்க்கிற வேலை.

"பெத்த பொண்ண வெச்சா பரீட்ச பண்ணுவ? நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று ஒருநாள் அம்மா கேட்டேவிட்டார்.

நைனா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அது பக்கத்துல ஒக்காரும்னு தெரிஞ்சா தான் எனக்கு பயம் வருது. பயம் இருந்தா தான் கை சுத்தமா வேல செய்யுது. வண்டியில போற எல்லாரும் யாரோ ஒருத்தர் பெத்த புள்ளைங்க தான?"

அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

ஒரே ஒருமுறைதான் என்னைப் பாதியில் இறக்கிவிட்டார். மாங்காய் சீசன். மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கும் லாரி. சரிவுக்குப் போகும் முன்பே காலை பெடலில் வைத்தவர், முகம் மாறி, "நீ எறங்கு பாப்பா" என்றார். ஊர்வலம் போயிற்றே என்று நான் ரோட்டில் நின்று ஒப்பாரி வைத்தேன். அவர் லாரியை மெல்ல உருட்டி ஷெட்டுக்குக் கொண்டுபோய், எல்லாச் சக்கரங்களையும் மறுபடி கழற்றினார். ஒன்றில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. மாங்காய் அழுகுகிறது என்று ஓனர் தெலுங்கில் குதித்தார். நைனா சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எம் பொண்ணு எறங்கின வண்டியில உன் டிரைவர எப்படி ஏத்துவேன்?" என்றார். அந்த ஓனரின் ஐந்து லாரிகளும் அதன்பிறகு எங்கள் ஷெட் பக்கம் வரவே இல்லை. அதற்காக நைனா வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பு வந்ததும் எனக்குத் திமிர் வந்தது. தோழிகள் பார்க்க லாரியில் போவது அவமானமாக இருந்தது. "என்ன பொம்ம மாதிரி ஒக்கார வெக்காத" என்று கத்திவிட்டேன். மறுநாள் என் புத்தகப் பையைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். ஒரு ஜீப்பின் முன்சீட்டில் அது சாய்ந்து உட்கார்ந்து சரிவுக்குப் போய் வந்திருந்தது. "அதுவும் உன்னுது தான" என்று நைனா அசடு வழிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் ஏறிக்கொண்டேன்.

என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் பூ அலங்காரக் காருக்கு அடியில் பட்டுச் சட்டையோடு படுத்திருந்தார். "உன்ன இதுல தான இட்டுக்கினு போவாங்க" என்றார். சட்டையில் பட்ட கிரீஸ் கடைசிவரை போகவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் வரும் ஞாயிறுகளில் இரண்டு மூன்று வண்டிகள் எனக்காகக் காத்திருக்கும். பிறகு வேலை, குழந்தை என்று என் வருகை குறைந்தது. இரண்டு வாரம் முன்பு அழைத்தார். "ஒரு வண்டி இருக்குது பாப்பா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், வர்றியா?" "அடுத்த வாரம் வரேன் நைனா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். "சரிம்மா, நீ வேலையப் பாரு" என்றார். அந்தக் குரல் என்னை விடமாட்டேன் என்கிறது.

திருப்பதியிலிருந்து ஆம்புலன்ஸில் அவரை எடுத்து வந்தோம். பின்னால் அவரருகில் அம்மா, முன்சீட்டில் நான். டிரைவர் ரமணா நைனாவுக்குப் பழக்கமானவர். சித்தூரை நெருங்கும்போது அவர் வண்டியை மாந்தோப்புப் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"ரெண்டு நிமிஷம், அக்கா. இந்த வண்டிக்கு மேஸ்திரி தான் பிரேக் செஞ்சாரு. 'ஆம்புலன்ஸ நிறுத்தி வெக்கக் கூடாது, எடுத்துக்கினு போ. ஆனா எம் பொண்ணு வந்ததும் கொண்டாந்து வுடு, ஒரு ரவுண்டு போவணும். அப்போ தான் வேல முடிஞ்சதுன்னு அர்த்தம்'னாரு. ரெண்டு வாரமா நானும் காத்துக்கினு இருந்தேன், அக்கா."

பின்னாலிருந்து, வாழ்நாள் முழுக்க இந்தச் சரிவைத் திட்டித் தீர்த்த அம்மாவின் குரல் வந்தது: "போப்பா. அவரு ஆசப்பட்டாரு இல்ல."

வண்டி இறங்கியது. பாதியில் ரமணா மிதித்தார். ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நைனா அசையாமல் படுத்திருந்தார்.

"வவுறு ஆடல, நைனா" என்றேன்.

அடுத்த வரி அவருடையது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அதையும் நானே சொன்னேன்.

"வண்டிய குடுத்துடலாம்."