பேருந்தில் இருந்த முப்பத்திரண்டு பேருக்கு

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் என் அக்காவும் எருசலேமுக்குப் போய் வந்தோம். குரோம்பேட்டையில் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு குழுக்களை அழைத்துப்போவார். எங்கள் குழுவில் எங்களைத் தவிர முப்பத்திரண்டு பேர். பெரும்பாலும் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்துச் சபைகளைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், என்னைப் போன்ற அலுவலக ஆட்கள். அப்படிப் போய் வந்தவர்கள் எருசலேம் யாத்திரை முடித்தவர் என்பதற்கு அடையாளமாகப் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வது எங்களிடையே வழக்கம். திருமணப் பத்திரிகையில் வரும், கல்லறைக் கல்லிலும் வரும். என் அக்கா அதைப் போட்டுக்கொள்வதில்லை. காரணம் நான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். என் மனைவி இறந்த பிறகு சிட்லபாக்கத்தில் என் வீட்டில் என்னோடு இருக்கிறாள். எருசலேம் போக வேண்டும் என்பது அவள் ஆசை. நான் துணைக்குப் போனவன்தான்.

செலவுக்குப் பணம் கொண்டுபோக வங்கியில் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்தேன். முன்னதாகவே டாலராகப் போட்டு வைத்துவிட்டால் எந்த நாட்டிலும் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று எடுத்தால் இரண்டு முறை கட்டணம் என்று கணக்குப் போட்டு, இருவர் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டேன். ஆயிரத்து இருநூறு டாலர். அதில் பாதி, அக்கா வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தது. ஒரே கணக்குக்கு இரண்டு அட்டைகள் தந்தார்கள். ஒன்று என் சட்டைப் பையில், மற்றொன்று அவளுடைய வேதாகம உறையில்.

நான் தணிக்கைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவன். நாற்பது பைசா வித்தியாசத்துக்காக ஒரு காசாளரை மூன்று நாட்கள் உட்கார வைத்திருக்கிறேன். அதை விருந்துகளில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். வெளிநாட்டில் ரோமிங் செலவு வேண்டாம் என்று போனிலிருந்து சிம்மைக் கழற்றி வைத்திருந்ததால், செலவானதும் வர வேண்டிய குறுஞ்செய்தி வராது. அதனால் வழியில் எந்த ஏ.டி.எம். கண்ணில் பட்டாலும் அட்டையைச் செருகி இருப்பு எவ்வளவு என்று பார்த்து டைரியில் குறித்துக்கொள்வேன். காலையில் ஓட்டலில், மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில், மாலையில் மறுபடி. ஏற்பாட்டாளர் கேலி செய்தார்.

"சார், சிலுவைப் பாதையில நின்னு ஜெபிக்கிறது பதினாலு ஸ்தலம்தான். நீங்க தனியா பதினஞ்சாவது ஸ்தலம் வெச்சிருக்கீங்க."

அக்கா வாங்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். பெத்லகேமில் விற்கும் ஒலிவ மரச் சிலுவைகள், பன்னிரண்டு. வியாழக்கிழமைதோறும் அவள் போகும் பெண்கள் ஐக்கியத்தில் பதினொரு பேர். பன்னிரண்டாவது, கோவளத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு. புறப்படுவதற்கு முந்தின வாரம் வாசலில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு அவர் கேட்டிருந்தார்.

"ஏசுநாதர் ஊர்லேந்து எனக்கு ஒரு சிலுவ கொண்டாக்கா. எங்க ஊட்டுக்காரு போட்ல மாட்டிக்குவாரு."

"உங்க சாமி கோச்சுக்காதா?" என்றாள் அக்கா.

"கடல்ல இன்னாக்கா சாமி சண்ட? யாரு வந்தாலும் ஏத்திக்கினு போவாரு."

அக்கா சிரித்துக்கொண்டே பன்னிரண்டாவது பெயரை எழுதினாள். அந்தச் சீட்டும் வேதாகம உறையில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பெத்லகேமுக்குப் புறப்படும் முன் ஓட்டல் வாசலில் இருந்த இயந்திரத்தில் இருப்பைப் பார்த்தேன். பணம் எடுத்தால் கட்டணம் உண்டு என்று தெரியும். அதையெல்லாம் கழித்துத்தான் டைரியில் எழுதியிருந்தேன். அதற்கும் மேல் பதினொரு டாலர் குறைந்தது. முந்தின நாளே நாலைந்து டாலர் உதைத்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இரண்டு அட்டை, ஒரு கணக்கு. நான் எடுக்கவில்லை.

பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டேன்.

"அக்கா, கார்டுல ஏதாவது எடுத்தியா?"

அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன?" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ காலையிலிருந்தே எரிச்சல். "கார்டுலேந்து எங்கிட்ட சொல்லாம பணம் எடுத்தியான்னு கேட்டேன். பதினோரு டாலர் காணோம்" என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவளுக்குக் கேட்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் சத்தம். முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தா, நீயே வெச்சுக்கோ" என்றாள்.

ஒலிவ மரக் கடை வந்தபோது, பின் இருக்கைப் பெண்மணி அவளைக் கூப்பிட்டார். "கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு பாதி இடங்களில் அவள் கீழே இறங்கவில்லை. நான் இறங்கினேன். அந்தக் கடையில் எனக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கினேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு அட்டைகளும் என் பையில் வந்த பிறகும் கணக்கில் பணம் குறைந்துகொண்டே வந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது. மறுநாளே தெரிந்துவிட்டது, எடுத்தது அவள் இல்லை என்று. பழைய செலவு ஏதோ தாமதமாகக் கழிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு விளக்கத்தை என் கீழே வேலை பார்த்த குமாஸ்தா சொல்லியிருந்தால் கோப்பைத் திருப்பி வீசியிருப்பேன்.

ஊர் திரும்பிய முதல் வியாழக்கிழமை, பயணக் களைப்பு என்று அக்கா ஐக்கியத்துக்குப் போகவில்லை. இரண்டாவது வியாழன் முட்டிவலி. புண்ணிய பூமிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வருவது எங்களிடையே கிடையாது. போதாததற்கு, பேருந்தில் எங்களோடு வந்தவர்களில் இருவர் அந்தப் பதினொரு பேரில் இருந்தார்கள். மூன்றாவது வியாழனுக்கு அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை.

மீன்கார அம்மா வந்தபோது அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் போனேன்.

"இன்னா சார், அக்கா கண்லயே படல? என் சிலுவ இன்னாச்சு?"

"வாங்க முடியலம்மா."

"ஏன், அங்க கட இல்லியா?"

"கடை இருந்துச்சு."

"கட கீது, காசு கீது. அப்பறம் இன்னா சார்?"

நான் மீனுக்குக் காசை நீட்டினேன். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி வுடு. அவருதான் ஆசையா கேட்டுக்கினு இருந்தாரு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அதே வாரம் மீதிப் பணத்தை ரூபாயாக மாற்ற வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கணக்கு விவரத்தை அச்செடுத்தார். மூன்று பக்கம் வந்தது. வரிக்கு வரி அரை டாலர், அரை டாலர்.

"சார், நீங்க செலவு பண்ணதவிட பேலன்ஸ் பாத்ததுதான் அதிகம் போல" என்று சிரித்தார்.

"பாத்தா என்னம்மா?"

"ஏ.டி.எம்.ல பேலன்ஸ் பாத்தா ஒவ்வொரு தடவையும் சார்ஜ் உண்டு சார். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கே."

நாற்பத்தேழு முறை பார்த்திருந்தேன். சில இயந்திரங்கள் தம் பங்குக்கும் பிடித்திருந்தன. இன்னொரு அட்டையைப் பற்றிக் கேட்டேன். அது ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்றார்.

அந்த மூன்று பக்கத்தையும் மடித்து, வீட்டு வரி ரசீதுகள் இருக்கும் கோப்பில் வைத்தேன். மீதிப் பணத்தில் அக்காவின் பாதியை ஒரு ரூபாய் பிசகாமல் உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஐந்து ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இடையில் இன்னொரு தவறும் செய்தேன். இணையத்தில் ஒலிவ மரச் சிலுவைகள் கிடைத்தன. பன்னிரண்டு வாங்கி அவள் மேஜையில் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இத நான் அங்கேந்து வாங்கிட்டு வந்தேன்னு சொல்லணுமா?"

பெட்டியை மூடி என் பக்கம் நகர்த்தினாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

போன வருடம்தான் சொன்னேன். அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. தன் அடக்க ஆராதனைக்கான குறிப்புகளை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தாள். எந்தப் பாட்டு, எந்தப் புடவை, மாலைகள் வேண்டாம். கடைசி வரி: கல்லில் பெயருக்குப் பின்னால் ஜே.பி. போட வேண்டாம்.

"ஏன்க்கா?" என்றேன்.

"நான் எங்க யாத்திர போனேன்? பஸ்ஸுலதான உக்காந்திருந்தேன்."

உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்தேன். மூன்று பக்கத்தையும் அவளுக்குக் கேட்கும்படி வாசித்தேன். எல்லா வரிகளையும் வாசிக்கத் தேவை இருக்கவில்லை, ஆனாலும் வாசித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"இது எப்ப உன் கைக்கு வந்தது?"

"வந்த மூணாவது வாரம்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "பஸ்ல எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"நம்மளத் தவிர முப்பத்திரண்டு."

"அவங்ககிட்ட போய்ச் சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே, சத்தமா."

ஏற்பாட்டாளரிடம் பட்டியல் வாங்கினேன். முதலில் ஐக்கியத்துப் பெண்கள் இருவர் வீட்டுக்கும் போனேன். அப்புறம் பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர். சிலர், அதெல்லாம் மறந்தே போச்சு சார் என்றார்கள். அது மரியாதைக்குச் சொன்னது. ஒரு முதியவர் மட்டும், "அப்படியா? நான் இவ்ளோ நாளா அந்தம்மாதான் எடுத்தாங்கன்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அவர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடக்க எனக்கு வெகு நேரமானது. மீன்கார அம்மா பட்டியலில் இல்லை, அவரிடமும் சொன்னேன். "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா சார்?" என்றார். அன்று எனக்கு மீன் கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போதெல்லாம் அக்கா, "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பாள். வியாழக்கிழமைகளில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி அப்படியே இருக்கிறது.

இருபத்துநான்கு பேரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மூன்று பேர் இறந்துவிட்டார்கள். மீதி ஐந்து பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். பட்டியலில் உள்ள எண்களும் இப்போது இல்லை. இதை அவர்கள் ஐவருக்காக எழுதுகிறேன். பெத்லகேமுக்குப் போகும் வழியில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஒருவன் தன் அக்காவிடம் சத்தமாகக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பதினொரு டாலரை அவள் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், அரை அரை டாலராக, பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து.