வாட்ச் பதியாத தூக்கம்

பழுதானது வாட்ச் என்றுதான் முதலில் நினைத்தோம்.

கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது என் கணவருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்தான். "மச்சான், தொந்தி கூடிப்போச்சு. இதக் கட்டிட்டு நடங்க" என்று அவனே கையில் மாட்டிவிட்டான். நடையும் இதயத் துடிப்பும் சரியாகக் காட்டின. தூக்கம் மட்டும் பதியவில்லை. காலையில் போனைத் திறந்தால் தூக்கத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும்.

என் கணவர் மகேந்திரன் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பண்டாரவளைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்கிறேன். அவர் பலமாகக் குறட்டை விடுவார். அதனால் பல வருடங்களாக நானும் மகளும் ஓர் அறையில், அவர் முன்னறையில். எழும்பும்போது அவருக்குத் தலை பாரமாக இருக்கும், வாய் காய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். வேலை அலுப்பு என்று விட்டுவிட்டோம்.

வாட்சைச் சரிசெய்யத்தான் அத்தனை பாடும் பட்டோம். பட்டியை ஒரு துளை இறுக்கினோம். அடியில் பச்சை வெளிச்சம் வரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்தோம். மற்றக் கைக்கு மாற்றினோம். படுக்குமுன் சார்ஜ் ஏற்றினோம். மகள் செயலியை அழித்துத் திரும்ப ஏற்றி, அது கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் பண்டாரவளையில் போன் திருத்தும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்) கொண்டுபோனேன். "வெச்சிட்டுப் போங்க தங்கச்சி, நானே கட்டிப் பாக்கிறேன்" என்றார்.

சில நாள் கழித்துப் போனபோது தன் போனைக் காட்டினார். நானாவின் தூக்கம் முழுதாக, நிறம் நிறமாக அதில் இருந்தது.

"வாட்ச்ல ஒரு பிழையும் இல்ல. தொடர்ந்து கொஞ்ச மணித்தியாலம் தூங்கினாத்தான் இந்த மாடல் அதத் தூக்கம்னு எடுக்கும். துண்டு துண்டாத் தூங்கினா விட்டுரும்." சற்றுத் தயங்கினார். "கோவிக்காதீங்க தங்கச்சி. அவரு ராவைக்கு ஒழுங்காத் தூங்குறாரா?"

பல வருடமாக வேறு அறையில் படுப்பவள் நான். அன்றிரவு பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

குழந்தைகளைத் தூங்கவைப்பது என் தொழில். எந்தக் குழந்தை தூங்கிவிட்டது, எது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது என்று மூச்சிலேயே தெரியும். அவருடைய குறட்டை ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. மூக்கருகில் விரலை வைத்தால் காற்று இல்லை. உலுக்கப் போனேன். அதற்குள் திணறிக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார், பாதித் தூக்கத்திலேயே தண்ணீர் குடித்தார், திரும்பச் சரிந்தார். மறுபடியும் நின்றது. விடியும்வரை அப்படித்தான்.

காலையில் கேட்டேன். "நல்லாத்தானே தூங்கினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் நினைவில்லை.

பதுளையில் எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். வாட்சின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "இது நோயச் சொல்லாது. ஆனா நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களே, அது முக்கியம்" என்றார். என் கணவருடைய தொண்டையைப் பார்த்தார், கழுத்தை அளந்தார். பிறகு கேட்டார்: "வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்திருக்கா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் கணவர் முந்திக்கொண்டார்.

"ஒரு தடவ வந்திருக்குங்க. ரயில் கேட்டுல நிப்பாட்டியிருந்தேன். ரயில் போனது தெரியல, கேட்டு தொறந்தது தெரியல. பின்னால ஹோன் அடிக்கிறாங்க. புள்ளைங்க 'அங்கிள், அங்கிள்'னு கத்துறாங்க. அப்பதான் முழிச்சேன்."

அதுவரை எனக்கு அது தெரியாது. எங்கள் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அவர் கைகள் மடியில் கிடந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்றதுக்கு முந்தியே நான் சொல்லிர்றேன் டொக்டர். நாளையில இருந்து வேனுக்கு வேற ஆளப் போட்டுர்றேன்" என்றார்.

தூக்கப் பரிசோதனை (உறங்கும்போது மூச்சு, இதயத் துடிப்பு, இரத்தத்தின் ஒட்சிசன் ஆகியவற்றைக் கருவிகளால் கவனிப்பது) நடந்தது. முடிவில் வந்தது தூக்க மூச்சுத்தடை (உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்வது). "ஒவ்வொரு தடவையும் மூளை உங்கள எழுப்பிக் காப்பாத்தியிருக்கு. அதான் தூக்கமே இல்ல" என்று டொக்டர் விளக்கினார். காற்றழுத்தக் கருவி (முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) தந்தார்கள்.

நீங்களும் இப்போதுதான் இந்தக் கருவியை மாட்டத் தொடங்கியிருந்தால், முதல் வாரங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவருக்குக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மூக்குத் தண்டு சிவந்தது. தூக்கத்திலேயே கழற்றி வீசினார். டொக்டர் சொல்லி, பகலில் டிவி பார்க்கும்போதும் அதை மாட்டிப் பழகினார். வேறு அளவு முகமூடி மாற்றிய பிறகுதான் கசிவு நின்றது. வாட்சையும் கழற்றி வைத்துவிட்டோம். காலையில் முதல் வேலையாக அந்தக் கட்டத்தைப் பார்த்து, அன்றைய நாளையே கெடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ போய்ப் புள்ளையோட படு. இந்தக் கோலத்துல என்னப் பாக்காத" என்றார் ஒருநாள். முகமூடிக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"நான் எங்கயும் போகல. நீங்க திரும்பிப் படுங்க" என்றேன். காம்பராவில் குழந்தைகளுக்குத் தட்டுவதுபோல முதுகில் மெதுவாகத் தட்டினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சில மாதங்களில் தலைப்பாரம் போய்விட்டது. டொக்டர் மறுபடி சோதித்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகே வேனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு மறந்திருந்தது. இப்போது அது நீளமாக இருக்கிறது. மூவரும் நடக்கப் போகிறோம். பனி இறங்கியதும் திரும்புகிறோம்.

ஒரு காலை, முகமூடியைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டிருந்தார்.

"கனவு வந்துச்சு புள்ள. வேன் நெறைய புள்ளைங்களுக்குப் பதிலா முட்டகோஸு. எல்லாம் டை கட்டிட்டு உக்காந்திருக்கு. நான் சத்தம் போடாதீங்கன்னு ஏசுறேன்."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. கடைசியாக எப்போது கனவு கண்டார் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. அத்தனை வருடமாக அவருக்கு இரவு என்பது விளக்கை அணைத்து உடனே திரும்பப் போடுவதுபோல இருந்திருக்கிறது.

நான் இப்போதும் முன்னறையில்தான் படுக்கிறேன். அவர் மூச்சு வெளியே போனதும் என் மூச்சும் நின்று, அடுத்ததற்காகக் காத்திருக்கிறது. இந்தப் பழக்கத்தை என் உடம்பு இன்னும் விடவில்லை. அவர் மூச்சு வருகிறது. அதற்கடுத்ததும் வருகிறது. எப்போது தூங்கிப்போகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.