பொட்டு வைத்த ஃப்ரீசர்

வீராயி சாமிக்குப் பயந்தவள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கணவர் போனபிறகு, ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பிழைக்கிறாள். "ரங்கா" என்று சொல்லாமல் அந்தக் கதவைத் திறந்ததில்லை.

அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஜென்சி, தாயில்லாத பெண். வீராயியின் புளிசாதத்தில் பாதி அவளுக்குத்தான். பல மாதம் காத்திருந்து அவளுக்கு ஒரு சின்னக் குப்பி வந்தது.

"என்ன பாப்பா, பிரசாதம் மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்தற?"

"இது ஒரு நொதிக்கா, என்சைம்னு சொல்வாங்க. ஒடம்புல சர்க்கரைய சக்தியா மாத்தறதுக்கு உதவுறது. மனுச மரபணுவக் கிருமிக்குள்ள வச்சு வளர்த்து எடுத்திருக்காங்க."

"மருந்தா?"

"மருந்தில்ல, ஆராய்ச்சிக்கு மட்டும். இத வச்சு கடைசி சோதனை முடிச்சா என் படிப்பு முடிஞ்சுது. இன்னொண்ணு வரவழைக்க நேரமில்லக்கா."

குப்பி ஃப்ரீசருக்குள் போனது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஜென்சி தன் ஊரான ஜீயபுரத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கூடத்தில் வீராயிக்கு அதுதான் முதல் பூஜை. பொட்டு வைத்த மிஷினை விஜயதசமி வரை ஓட்டக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். தையல் மிஷினையும் அப்படித்தான் வைப்பாள். ஒவ்வொன்றாக ஸ்விட்சை அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வருசம் முழுக்க உறுமிக்கொண்டே கிடக்கிறதே பாவம் என்று ஃப்ரீசருக்கும் ஓய்வு கொடுத்தாள். கதவு மூடித்தானே இருக்கிறது, குளிர் எங்கே போகும் என்று நினைத்தாள். அவள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

விஜயதசமி காலையில் கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தவள், ஒரு கடை வாசலில் நின்றாள். ஐஸ்கிரீம் பெட்டி பொட்டும் மாலையுமாக உறுமிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, பூசைக்கு இத நிறுத்தலியா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நிறுத்துனா குச்சியத்தான் விக்கணும்."

கல்லூரி ஃப்ரீசர் நினைவுக்கு வர, வீராயி பஸ்ஸுக்கு விரைந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது, 'ரங்கா, உனக்குச் செஞ்ச பூசைதானே, அந்தக் குழந்தைய கைவிட்டுடாத' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கல்லூரி வாசலிலிருந்து ஓடினாள்.

ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் குளம்கட்டி நின்றது. ஸ்விட்சைப் போட்டாள். பிறகு ஜென்சிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜென்சி வந்ததும் குப்பியை எடுத்துப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் வீராயிக்கு மூச்சாவது வந்திருக்கும். அதிலிருந்து ஒரு துளியைச் சோதனைக் கரைசலில் கலந்து கருவிக்குள் வைத்தாள்.

"இந்த எண் ஏறணும்க்கா. ஏறினா நொதி வேல செய்யுதுன்னு அர்த்தம்."

வீராயி கைகூப்பி நின்றாள். எண் அசையவில்லை. மறுபடி கலந்தாள், மறுபடி வைத்தாள். அப்படியே நின்றது.

"செத்துப்போச்சா பாப்பா?"

ஜென்சி ஆமென்று தலையசைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, பஞ்சை நனைத்துக்கொண்டு ஃப்ரீசரிடம் போனாள்.

"என் ஆராய்ச்சி கைடு செபஸ்தியான் சார் இப்ப வந்துடுவாரு. கரண்டு போச்சுன்னு சொல்லிக்கலாம். பொட்டு இருந்தா நீங்கதான் நிறுத்துனீங்கன்னு தெரிஞ்சிடும். வேலைய விட்டே அனுப்பிடுவாங்கக்கா."

அந்தக் கையை வீராயி பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். கரண்டுன்னா யாரக் கேக்கறதுன்னு வுட்டுடுவாங்க. நான்னு தெரிஞ்சா, அந்தப் புள்ள மேல தப்பில்லன்னு உனக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்களான்னு தெரியலக்கா."

"கேட்டுப் பாக்கறேன்."

வெளியே சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். உள்ளே ஃப்ரீசர், காப்பாற்ற ஒன்றுமில்லாமல், உறுமிக்கொண்டிருந்தது.