யாருக்கும் சொல்லாத அட்டை

கடையில் என்னுடைய இடம் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் அந்தத்தில், லா ஷப்பெல் மெத்ரோ நிலையம் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிற போன் கடை. சிம் அட்டை விற்பேன், ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பேன், வெளிநாட்டுக்கு எடுக்கிற கோலிங் காட் அட்டையின் பின்பக்கத்தைச் சுரண்டி நம்பரை வாசித்துச் சொல்வேன். முதலாளி அண்ணை உள்ளே இருந்து உடைந்த போன்களைத் திருத்துவார். புதிதாக வருகிற ஆட்களுக்கு என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: "இந்தக் கடையிலை ரெண்டு வேலை. நான் திருத்துறன், பிள்ளை பயப்பிடுறா."

அது உண்மைதான். பிழையான சிம்மைக் கொடுத்துவிட்டேனோ, கதவைப் பூட்டினேனோ, கார்த் து செஜூர் என்கிற வதிவிட அட்டையில் என் பிறந்த திகதியை ஒரு எண் மாற்றி அடித்திருக்கிறார்களோ என்று எந்த நேரமும் ஒரு பயம் ஓடிக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதனால் எந்தத் தாளைக் கண்டாலும் அதில் எனக்கு விளங்காத ஒன்று எழுதியிருக்கும் என்றே நினைப்பேன்.

கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்தவன் ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி. இங்கே வந்து படித்து, பெரிய தொலைபேசிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுத் தனியாக ஒரு சின்னக் கம்பனி பதிந்திருந்தான். கம்பனி என்றால் அவனும் ஒரு மடிக்கணினியும்தான். தேத்தண்ணிக்கு வெளியே வரும்போதெல்லாம் என்னிடம் வந்து நிற்கும் சனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தக் காலத்தில் கோடை முடிந்ததும் கடையில் ஒரே சத்தமாக இருக்கும். லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போனவர்கள், சுவிஸுக்குத் திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லாரும் போன் பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நான் கதைக்கவே இல்லைப் பிள்ளை, போன் பொக்கற்றுக்குள்ளதான் கிடந்தது" என்பார்கள். எல்லை தாண்டியதும் போன் அந்த நாட்டில் எந்த வலையமைப்பில் போய் ஒட்டிக்கொள்வது என்று அட்டைக்குள் ஒரு விதி எழுதியிருக்கும். அந்த விதியைக் கம்பனிகள் தங்களுக்குத் தோதாக எழுதிவைத்திருப்பார்கள். இதைத் தம்பிதான் எனக்கு விளங்கப்படுத்தினான்.

அவனுடைய யோசனை, அந்த விதி ஆளின் பழக்கத்தைப் பார்த்துத் தானே மாற வேண்டும் என்பது. இந்த ஆள் பின்னேரத்தில் இலங்கைக்கு எடுப்பார் என்றால், அந்த நேரம் வருவதற்கு முன்பே போன் அதற்கு மலிவான வலையமைப்புக்கு மாறி நிற்க வேண்டும்.

ஒரு கோடையின் தொடக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்றில் அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"அக்கா, வெளிநாடு போறவங்க யாராவது வந்தா இதக் குடுங்க. எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்."

வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்றை நானும் போட்டுக்கொண்டேன். மற்றவை இருபது பேரளவில் போயின. கோடை முடிவில் வரும் ரூ பஜோல் கோயில் தேருக்கு முதல் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அட்டைகளும் அப்படியே திரும்பி வந்தன; என்னுடையதை மட்டும் நான் கழற்றவில்லை. நன்றாக வேலை செய்திருந்தன. தம்பி மாரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டான்.

காப்புரிமை கிடைத்தால் ஒரு பெரிய கம்பனி அதை வாங்க இருந்தது. தம்பியின் கம்பனி நிலைத்து நிற்கும், அவனுடைய கார்த்தும் புதுப்பிக்கப்படும். கிடைக்காவிட்டால் கம்பனியை மூட வேண்டும். மூடினால் அவன் இந்த நாட்டில் நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. கிடைத்தால் எனக்கும் ஒரு மேசை என்று சொல்லியிருந்தான். நிரந்தர வேலை, கதவில்லாத பக்கம்.

பரிசோதனை வருடக்கணக்கில் போனது. மூனிச்சில் இருக்கிற காப்புரிமை அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் அவனுடைய தாள்களை வாசித்தார்கள். இது முன்பே வேறு யாரோ செய்ததுதானே என்று கேட்டார்கள். அவன் பதில் எழுதினான். இது வெறும் கணக்குத்தானே என்று கேட்டார்கள், அதற்கும் எழுதினான். அவன் எழுதும் நாட்களில் பின்னறையில் சத்தமே இருக்காது. நான் தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு வருவேன்.

எல்லாம் சரிவரும் போலிருந்த நேரத்தில்தான் யாரோ அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த அட்டைகள் விண்ணப்பத்துக்கு முந்திய கோடையிலேயே லா ஷப்பெல்லில் கைக்குக் கை போயின என்று. பெயர் போடாமல் அப்படி எழுதலாமாம், அதற்கு அங்கே விதி இருக்கிறதாம்.

"இஞ்சையும் மொட்டைக் கடிதமோ?" என்றார் முதலாளி அண்ணை. "வேற ஆர், எங்கட ஆக்கள்தான்."

ஆர் என்று கடைசிவரை தெரியவில்லை.

தம்பியின் காப்புரிமை வழக்கறிஞர் ஒரு பிரெஞ்சு மேடம். விண்ணப்பத்துக்கு முதல் ஊருக்குத் தெரிந்த விடயத்துக்குக் காப்புரிமை கிடையாது என்றார். அட்டையை வாங்கிய ஒருவர் அதைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்திருக்கலாம். பார்த்தார்களா இல்லையா என்பது கணக்கில்லை. ஆனால் வாங்கியவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்றால் அது வேறு. அப்படியென்றால் அவர்கள் எழுதித் தரட்டும், கெதியில் தரட்டும், தவணை முடியப்போகிறது என்றார்.

நான் எல்லாருக்கும் போன் எடுத்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து கடிதத்தைத் தந்தார்கள். தரும்போது கதவடியில் நின்று கதைப்பார்கள்.

றெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவும் அண்ணை சொன்னார்: "நான் லண்டன் போறதையே அறையில ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பிறகெப்பிடிக் காட்டைப் பற்றிச் சொல்லுறது? சொன்னால் ஆளுக்கொரு பார்சல் தந்துவிடுவாங்கள்."

லெ பிளாங்-மெனிலில் இருந்து வந்த அக்கா குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லு, இது களவுக் காட்தானே? நான் என்ரை மனுசனுக்கே சொல்லேல்லை."

இன்னொருவர், மச்சானுக்குத் தெரிந்தால் தனக்கும் ஒன்று கேட்பான், அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அப்படித்தான் எல்லாரும். அந்தக் கோடையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. லா ஷப்பெல்லில் அது பெரிய காரியம்.

ஆனால் எழுதுவதற்கு எல்லாரும் ஒரே ஆளிடம்தான் போயிருந்தார்கள். தேத்தண்ணிக் கடையின் பின்மேசையில் இருக்கும் கேஸ் மாஸ்டரிடம். எங்களில் முக்கால்வாசிப் பேரின் அகதி வழக்கை எழுதியவர் அவர். என்னுடையதையும் அவர்தான் எழுதினார். ஏதாவது அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றால் மாஸ்டரிடம் போவது, பல் வலித்தால் பல் டாக்குத்தரிடம் போவது போல. போகச் சொல்லி யாரும் சொல்லத் தேவையில்லை.

அவர் முதலில் தமிழில் சொல்லிக்காட்டுவார், பிறகு பிரெஞ்சில் எழுதுவார். கொண்டுவந்தவர்கள் அதை எனக்கும் சொன்னதால் அந்தக் கடிதங்களில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். 'அந்த இளைஞர் என் இரு கைகளையும் பற்றி, எச்சந்தர்ப்பத்திலும் இதை வெளியிட வேண்டாம் என்று மன்றாடினார். அன்றிலிருந்து இன்றுவரை, மிகுந்த அச்சத்தின் மத்தியிலும், அந்த இரகசியத்தை என் நெஞ்சில் காத்து வருகிறேன்.' பார்சலும் மச்சானும் எங்கேயும் இல்லை.

நான் கையெழுத்துகளைப் பார்த்துப் பயந்தேன். அடையாள அட்டைப் பிரதிகள் மங்கலாக இருக்கின்றன என்று பயந்தேன். தபால் உறை கிழியும் என்று பயந்து சுற்றிவர டேப் ஒட்டினேன். அந்த வசனங்களைப் பற்றி மட்டும் நான் பயப்படவில்லை. அலுவலகத்துக்குப் போகும் கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

தம்பி ஒன்றை வாசித்துச் சிரித்தான். "நான் எப்பக்கா இவங்க கையப் புடிச்சேன்?"

"அது மாஸ்டரின்ரை ஸ்ரைல்."

"இப்பிடியே அனுப்பலாமா?"

"இல்லாட்டி என்ன செய்யிறது? தவணை முடியுதெல்லே."

மேடமும் புருவத்தைத் தூக்கினாராம். ஆனால் கையில் வேறொன்றும் இல்லை. அனுப்பினார்.

பதில் வந்தது. கடிதங்கள் எல்லாம் ஒரே சொற்களில் இருப்பதால் அவற்றைச் சான்றாக எடுக்க முடியவில்லை என்று. தம்பி அதைத் தமிழில் சொன்னபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. என்னுடைய அகதி வழக்கு முதல் தடவை தள்ளுபடி ஆனபோதும் அதே வசனம்தான் வந்தது: வழக்கமான சொற்களில் சொல்லப்பட்ட கதை. நடந்தது எல்லாம் நடந்ததுதான். சொற்கள் மட்டும் மாஸ்டருடையவை.

நேரில் விசாரணை வைக்கிறோம், சாட்சி ஒருவரைக் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அட்டைகளைக் கொடுத்தது நான் என்பதால் நான்தான் போக வேண்டும் என்றானது. மேடம் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: நடந்ததைச் சொல்லுங்கள்.

அது எனக்குப் பழக்கம். மேன்முறையீட்டில் அகதி வழக்கு நீதிபதி மாஸ்டரின் தாளை மூடி வைத்துவிட்டு, சண்டை நேரம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது தண்ணீர் எப்படி எடுத்தீர்கள் என்றுதான் கேட்டார். கிணற்றுக் கயிறு அறுந்துபோனது, வேலிக் கம்பியை வெட்டிக் கட்டினோம், கை கிழிந்தது என்றேன். அதற்குத்தான் எனக்குக் கார்த் கிடைத்தது. ஆகவே நடந்ததைச் சொன்னால் சரிவரும் என்று இருந்தேன்.

கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்குக் கடையில் இருந்து நடந்தே போகலாம். விடிய ரயில் எடுத்தோம். எல்லை தாண்டிய பிறகு ஜெர்மன் பொலிஸ் இரண்டு பேர் ஏறினார்கள். அந்தப் பெட்டியில் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் கார்த்தைக் கேட்டார்கள். பார்த்துவிட்டுத் தந்தார்கள். வழமையாகப் பயப்படுவேன். அன்று பயப்படவில்லை. அது நல்லதா கெட்டதா என்று யோசித்ததும் அரைவாசியில் நின்றுபோனது.

அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் ஒரு பெண். மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், வயதானவர், என்னை "அம்மா" என்றார். தம்பி எதிர்ப்பக்கத்தில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அட்டைகளைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

"எனக்கு நல்லதொண்டு நடந்தால் நான் அதை வெளியிலை சொல்லுறேல்லை. சொன்னால் உடைஞ்சுபோகும் எண்டு பயம். வீட்டுக்கும் சொல்லேல்லை."

அவர் எழுதினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நம்பினார் என்று எனக்குத் தெரிந்தது.

"இது இரகசியம் என்று விண்ணப்பதாரர் உங்களிடம் சொன்னாரா?"

நான் தம்பியைப் பார்க்கவில்லை. மாஸ்டர் என்றால் என்ன எழுதியிருப்பார் என்பது ஒவ்வொரு சொல்லாக எனக்குத் தெரியும். இரண்டு கைகளும், மன்றாட்டமும்.

"இல்லை," என்றேன். "குடுங்க, எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும் எண்டு சொன்னவர்."

மேடம் எழும்பினார். அவர் சொல்லாவிட்டாலும், இது வெளியே சொல்லக்கூடாத விடயம் என்று உங்களுக்கு விளங்கியிருந்ததா என்று கேட்டார். அது என்னைத் தூக்கிவிடக் கேட்ட கேள்வி என்பது பிறகுதான் விளங்கியது.

"எனக்கு எல்லாமே அப்பிடித்தான் விளங்கும், மேடம்."

பாண்டிச்சேரிக்காரர் அதை அப்படியே சொன்னார்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். மெஷினில் கோப்பி குடித்தோம். திரும்பக் கூப்பிட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றார்கள். அட்டை வாங்கியவர்களுக்கு, வாங்குவதற்கு முன் ஒருவரும் ஒரு கட்டுப்பாடும் போடவில்லை. அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தது அவர்களுடைய சொந்த விருப்பம். மேடம் அதைத்தான் எங்களுக்குச் சொன்னார். மேன்முறையீடு செய்யலாம், காசும் வருடங்களும் போகும் என்றும் சொன்னார். அவருக்கு அங்கே இன்னொரு வேலை இருந்தது, நின்றுவிட்டார்.

தம்பி மேன்முறையீடு செய்யவில்லை. அடுத்த மாரிக்குள் கம்பனியை மூடிவிட்டுச் சென்னைக்குப் போனான். பின்னறையில் முதலாளி அண்ணை இப்போது உடைந்த திரைகளைப் போட்டுவைக்கிறார். சில வருடங்களில் ஐரோப்பிய நாடுகளுக்குள் ரோமிங் கட்டணமே இல்லை என்று சட்டம் வந்தது. சுவிஸ் போகிறவர்கள் மட்டும் இன்னும் கேட்பார்கள், போனை நிற்பாட்டி வையுங்கோ என்று சொல்வேன். என் இடம் இன்னும் கதவடியில்தான்.

அன்று மூனிச்சில் இருந்து திரும்பி வரும் ரயிலில் தம்பி ஜன்னல் பக்கம் இருந்தான். அவன் என்னை ஏசுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு சான்ட்விச் வாங்கி, பாதியை எனக்குத் தந்தான்.

"நீங்க சொன்னது உண்மைதானேக்கா," என்றான்.

"ஓம்."

என் போன் எங்கள் நடுவில் இருந்த சின்னத் தட்டில் கிடந்தது. அதற்குள் அவனுடைய அட்டை. பின்னேரம் ஆனது. வவுனியாவில் இருந்து தங்கச்சி மிஸ்ட் கோல் தருகிற நேரம். அவள் அடித்துவிட்டு வைப்பாள், நான் திருப்பி எடுப்பேன். இன்னும் ஜெர்மனிக்குள்தான் போய்க்கொண்டிருந்தோம். போனின் மேல் மூலையில் இருந்த பெயர் போய், வேறொரு பெயர் வந்தது.

தம்பி கொஞ்சம் முன்னால் குனிந்தான். "மாறிடுச்சு," என்றான்.

பிறகு ஒரு தரம் மணி அடித்து நின்றது. நான் திருப்பி எடுத்தேன். குரல் தெளிவாக இருந்தது.

"எங்கை நிக்கிறாய்?" என்றாள் தங்கச்சி. "ஏதோ இரைச்சலாக் கிடக்கு."

தம்பி என்னைப் பார்த்தான்.

"கடையிலைதான்," என்றேன்.