பார்த்து முடிக்கும்வரை

தேநீர் டம்ளரைக் கையில் வாங்கியதும் என் மனைவி குடித்துவிட மாட்டாள். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுவாள். எங்காவது நகம் தடுக்கினால் டம்ளர் திரும்பி வந்துவிடும். சீப்பு, தட்டு, கதவுத் தாழ்ப்பாள் எதுவும் தப்பாது. கல்யாணமான புதிதில் என் முகவாயையும் இப்படித்தான் தடவிப் பார்த்தாள். சவரம் சரியில்லையாம்.

விமான என்ஜினைச் சோதிப்பது அவள் வேலை. வளைந்து கொடுக்கும் குழாய் ஒன்றின் நுனியில் கேமரா இருக்கும். அதை உள்ளே நுழைத்து, காற்றாடி இறக்கை போலச் சுழலும் தகடுகளை பிளேடு பிளேடாகத் திரையில் பார்ப்பாள். விரிசல் விட்ட பிளேடு நடுவானில் முறிந்தால் என்ஜினையே குதறிவிடும். "ரோட்டுல போற வண்டின்னா ஓரங்கட்டலாம். மேல ஓரத்துக்கு எங்கங்க போறது?" என்பாள்.

போன வருடம் ஒரு பிளேடில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கரியாக இருக்கலாம் என்றார் மேலதிகாரி. இருக்கலாம் என்றுதான் இவளுக்கும் பட்டது. ஆனாலும் விமானத்தை விடச் சம்மதிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தவர்களையெல்லாம் இறக்கினார்கள். அதில் அவள் தம்பியும் ஒருவன். நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தான்; அந்த வேலை கைநழுவிப் போயிற்று. பிளேடைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், வெறும் கரி.

சொந்தபந்தம் அவளை வறுத்தெடுத்தது. "கரிக்கோட்டைப் பாத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா" என்றதோடு தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டான். அவள் அழுதாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"எனக்குச் சந்தேகம் வந்துருச்சுடா. வந்தப்புறம் உன்னை எப்படி ஏத்தி அனுப்புவேன்?"

இப்படி ஒருத்திக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சொல்ல எனக்கென்ன வெட்கம்?

தம்பிக்கு ஒருவழியாக வெளியூரில் வேலை கிடைத்தது. சென்ற வாரம் மனைவி, குழந்தையோடு கிளம்பினான். வீடு பார்த்துக் கொடுக்க நானும் கூடப் போனேன். அக்காவிடம் அவன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. விமானத்தில் ஏறும் நேரத்தில், தாமதமாகும் என்று அறிவித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தால், மூடி திறந்த என்ஜினுக்கு அருகே ஏணிமேல் அவள். "கிளம்புற நேரத்துலதான் நோண்டுவாங்க" என்றார் வரிசையில் ஒருவர். நாலு பேர் ஒத்து ஊதினார்கள். சாயங்காலத்துக்குள் வேலையில் சேர வேண்டிய தம்பியின் முகத்தை நான் பயத்தோடு பார்த்தேன்.

அவன் கண்ணாடி வழியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வரிசையை விட்டு விலகி, ஒரு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, குழந்தையின் ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான்.