உமாதேவி தையலகத்தின் அளவு நோட்டு

எங்கள் ஊரில் உமாதேவியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, சொன்ன தேதியில் வாங்கிவந்த பெண் ஒருத்திகூடக் கிடையாது. நான் இந்த ஊர் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அழுகிற குரலை வைத்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவேன். அப்படி ஊரையே மேய்த்த எனக்கும் அவள் கடையில் ஐந்து நடை, ஆறு நடை என்று இழுத்தடிப்புதான். போனால் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வாங்கக்கா, கை மட்டுந்தான் பாக்கி" என்பாள். மறுநாள் போனால் ஒரு கை ஏறியிருக்கும். இன்னொரு கை பாக்கி.

ஊர் ஆண்களுக்கு இது விளங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "ஏன்டி, ஒரு சட்டைக்கு எத்தன தடவதான் அளவெடுப்பாக? நீ என்ன நாளுக்கு ஒரு அங்குலம் வளர்றியா?" நான் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றி அவர் வாயை அடைத்தேன். அளவு என்று நாங்கள் சொன்னது வேறு.

பதினாறு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. இங்கே பள்ளிக்கூடத்தில் சசிதரன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அவர் சும்மா இருக்காமல் ‘மூன்றாம் மடைக்காரன்’ என்று ஒரு நாவல் எழுதி, தானே அச்சடித்து ஊருக்குள் விட்டார். அதில் ஒச்சப்பன் என்று ஒருவன். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடை திறக்கிற வேலை அவனுக்கு. புருஷனை இழந்த ஒருத்தியின் முறைத் தண்ணீரை அவன் தன் வயலுக்குத் திருப்பிவிடுவான். அவள் பயிர் கருகிப்போகும்.

ஊருக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் மடை பார்த்தவர் ஊர்த்தலைவர் பலவேசத்தின் அப்பா. பயிர் கருகியது மலையம்மாளுக்கு. அந்த மலையம்மாளின் ஒரே மகள்தான் உமாதேவி. பயிர் போனதும் வயல் கை மாறியது. உமாதேவி பத்தாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

பலவேசம் அப்போதே ஊர்த்தலைவர். இப்போதும் அவர்தான். "செத்த மனுசன சந்தி சிரிக்க வைக்கிறதா?" என்று குதித்து ஊர்க்கூட்டம் போட்டார். அந்தப் புத்தகத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது, படிக்கக் கூடாது, மீறினால் அந்த வீட்டில் திருவிழா வரி வாங்குவதில்லை என்று தீர்ப்பானது. எங்கள் பக்கத்தில் வரி வாங்கவில்லை என்றால் ஊரை விட்டே தள்ளிவைத்ததாக அர்த்தம். அதற்குப் பயப்படாத ஆள் இங்கே பிறக்கவில்லை. தீர்ப்புச் சொன்ன பதினோரு பேரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். படிக்காததுதான் அங்கே தகுதி.

மறுநாள் மத்தியானம் எல்லாப் புத்தகங்களையும் வாங்கி மந்தைத் திடலில் விறகோடு போட்டுக் கொளுத்தினார்கள். சசிதரன் வாத்தியார் அதே வாரம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தீ நன்றாகப் பிடித்த நேரத்தில், ஒரு கையில் கரி இஸ்திரிப் பெட்டியும் இடுப்பில் துணி மூட்டையுமாக உமாதேவி வந்து நின்றாள்.

"அண்ணே, பொட்டிக்குக் கொஞ்சம் தணல் அள்ளிக்கிறேன். வீணாத்தான போகுது?"

பலவேசத்துக்கு அன்றைக்குத் தாராள மனசு. "அள்ளிக்கத்தா" என்றார். அவள் உட்கார்ந்து நிதானமாகத் தணல் அள்ளினாள். ஓரத்தில் சரிந்து கிடந்த ஒரு புத்தகத்தையும் அள்ளித் துணி மூட்டைக்குள் சொருகிக்கொண்டாள். பெட்டி கணகணவென்று இருக்க, ஊர்த்தலைவர் வேட்டியையே அன்று சாயங்காலம் அந்தத் தணலில் தேய்த்துக் கொடுத்தாள். துணிச்சல்காரி.

ஓரம் கருகி, கடைசி நாலு பக்கம் இல்லாமல் தப்பிய அந்தப் புத்தகத்துக்கு ‘அளவு நோட்டு’ என்று எழுதி அட்டை போட்டுக் கடையில் மாட்டினாள். அளவு கொடுக்கப் போகிறவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் படிக்கலாம். வெளியே கொண்டுபோகக் கூடாது. எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்க உமாதேவி நூல் கோக்காமலேயே மிஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருப்பாள். ரவிக்கை ஏன் முடியவில்லை என்று இப்போது தெரிகிறதா? "நாளைக்கு வாங்கக்கா" என்றால் நாளைக்கு அடுத்த அத்தியாயம். எங்கள் வாய் சும்மா இருக்காது என்று இந்த ஊர் ஆண்கள் கேலி பேசுவார்கள். பதினாறு வருடம் ஒரு வார்த்தை வெளியே கசியவில்லை.

ஒரே குறை, முடிவு தெரியவில்லை. உமாதேவி வாத்தியாருக்கே போன் போட்டுக் கேட்டாள். "நான் அத மறந்து ரொம்ப நாளாச்சும்மா, ஒரு பிரதிகூட இல்ல. ஆள விடு" என்று வைத்துவிட்டார். அதனால் ஆளாளுக்கு ஒரு முடிவு வைத்துக்கொண்டோம். ஒச்சப்பனைப் பாம்பு கடித்தது என்பாள் ஒருத்தி. அந்தப் பெண்பிள்ளை பஞ்சாயத்துத் தலைவியாகி அவனையே நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்ட விட்டாள் என்பது என் முடிவு. இதுவரைக்கும் அதை அடிக்க ஆளில்லை. மலையம்மாள் முடிவு ஒரே வரிதான்: "நாக்கு வறண்டு வருவான். நான் தண்ணி குடுக்க மாட்டேன்."

இந்த வருடம் தேனியிலிருந்து இவாஞ்சலின் டீச்சர் வந்தார். அல்லிநகரத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறவர். தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்கு வருடா வருடம் விழா எடுப்பார்களாம், இந்த முறை ஊர் ஊராக நடத்தப் போகிறார்களாம். ‘உங்கள் வீட்டில் படிக்கக் கூடாது என்று சொன்ன புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்’ என்று நோட்டீஸ் கொடுத்தார். உமாதேவி ஆணியிலிருந்து அளவு நோட்டை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள். அந்தக் கடைக்கட்டடம் பலவேசத்துடையது.

"கிறுக்குப் புடிச்சிருக்காடி ஒனக்கு? கடைய விட்டு எறக்கிருவாக" என்றேன்.

"எங்கம்மாவுக்கு எழுவத்தஞ்சு ஆச்சுக்கா. அது கதைய அது மிஷின் சத்தத்துக்குள்ளயே கேட்டுட்டுச் சாகணுமா? ஒரு தடவ மைக்குல கேக்கட்டும்."

டீச்சர் கொடுத்த நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

டீச்சர் பிளக்ஸ் அடிக்கச் சொன்னார். பிளக்ஸ் கடைக்காரர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் இருந்த எங்கள் ஊர் பைலைத் திறந்துவிட்டார். காதுகுத்து, கும்பாபிஷேகம், கபடிப் போட்டி எதுவானாலும் எங்கள் ஊர் பிளக்ஸின் அடியில் பலவேசம் கும்பிட்டபடி நிற்பார். இதிலும் நின்றார். மேலே ‘தடை செய்யப்பட்ட புத்தகத் திருவிழா – மூன்றாம் மடைக்காரன் வாசிப்பு – உமாதேவி’. கீழே அரை ஆள் உயரத்துக்கு, ‘அனைவரும் வருக வருக! இவண், பலவேசம், ஊர்த்தலைவர்.’

காலையில் டீ குடிக்கப் போன பலவேசம் அதைப் பார்த்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். கிழிக்கலாம் என்றால் தன் படத்தைத் தானே கிழிப்பது ஆயுசுக்கு ஆகாது. அடுத்தவனைக் கிழிக்கச் சொன்னால், "ஒங்க மூஞ்சியில நான் எப்படிண்ணே கை வைக்கிறது?" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். போதாததற்கு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற சுருளி வண்டியை நிறுத்தி, "தலைவரே, பெரிய மனசு ஒங்களுக்கு" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

கோபம் முழுக்கத் தையல் கடை மேல் திரும்பியது. உமாதேவியின் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் பூட்டை மாட்டினார். "அந்தப் புத்தகம் தெறந்தா இந்தக் கட தெறக்காது. எனக்கு வேற பேச்சு இல்ல" என்றார். உள்ளே திருவிழாவுக்குத் தைக்கக் கொடுத்த அறுபத்து நாலு ரவிக்கை. அதில் ஒன்று என்னுடையது, ஒரு கை பாக்கி. உமாதேவியின் பிழைப்பே அந்த நாலு சுவருக்குள் இருந்தது. ஆனால் டீச்சர் வாசிப்புக்காகத் திருப்பிக் கொடுத்திருந்த புத்தகம் அவள் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மந்தையில் பந்தல். மைக் செட், சுண்டல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, ஜனம் புத்தகங்களோடு வந்திருந்தது. சுருளி எல்லை தாண்டிப் போனபோது வாங்கிய மலையாள நாவல் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். அவனுக்கு அதில் ஒரு எழுத்துத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு அவன் பெண்டாட்டி தடை போட்டாளாம். இன்னொருவர் சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சமையல் புத்தகத்தோடு வந்தார். பலாப்பழம் இரண்டு சுளை சாப்பிடலாம் என்று அதில் போட்டிருப்பதால் வீட்டில் தடையாம். டீச்சர் எல்லோருக்கும் கை தட்டினார்.

பலவேசம் விழாவை நிறுத்தத்தான் வந்தார். ஆனால் பிளக்ஸில் இருக்கிற தலைவரை யார் ஓரமாக நிற்க விடுவார்கள்? வந்ததும் துண்டு போர்த்தி, முன்வரிசை நடு நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் சுண்டலையும் கொடுத்துவிட்டார்கள். துண்டும் சுண்டலுமாக ஒரு மனிதர் எப்படிச் சத்தம் போடுவது?

உமாதேவி மைக்கைப் பிடித்தாள். அளவு நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தபோது, தீயில் கருகிப்போன வரிகளுக்குப் பதிலாக நாங்கள் பேனாவால் எழுதி ஒட்டியிருந்ததை வாசித்தாள். "பத்து நாளாக அவள் வயலுக்குத் தண்ணீர் இல்லை..."

"பதினேழு நாளு" என்றது முன்வரிசை.

எல்லோரும் திரும்பினோம். பலவேசம் சுண்டலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினேழுன்னுதான் போட்டுருக்கு. பத்து இல்ல."

புத்தகத்தைத் தொட்டே பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தவர் அவர். பந்தலே கொல்லென்று சிரித்தது. உமாதேவி சிரிக்கவில்லை. பதினேழு என்று திருத்தி வாசித்து, மீதியையும் படித்தாள். "இதுக்கு மேல பக்கம் இல்லண்ணே" என்று நிறுத்தினாள்.

அவ்வளவுதான், பெண்கள் பக்கம் வெடித்தது. ஒருத்தி பாம்பு என்றாள், நான் பஞ்சாயத்துத் தலைவி என்று கத்தினேன். ஆண்கள் திருதிருவென்று முழித்தார்கள். எங்கள் அத்தனை பேருக்கும் கதை தெரியும் என்பது அப்போதுதான் அவர்கள் மண்டையில் ஏறியது. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். நான் பந்தல் துணியைப் பார்த்தேன்.

பலவேசம் எழுந்தார். ரேஷன் கார்டு உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே மடித்த நாலு பக்கம், பழுத்துப்போயிருந்தது. எதையுமே பின்பக்கத்திலிருந்து படிப்பது அவர் பழக்கம், பேப்பரைக்கூட அப்படித்தான். அன்றைக்குக் கொளுத்துவதற்கு முன்னால் புத்தகத்தை முழுக்கப் படித்து, இந்தக் கடைசி நாலு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்களே வாசிங்கண்ணே" என்று உமாதேவி மைக்கை நீட்டினாள்.

அவர் வாசித்தார். கிழவனாகிவிட்ட ஒச்சப்பன் அந்தப் பெண்பிள்ளை வாசலில் போய் நிற்கிறான். ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்கிறான். ‘ஒரு சொம்பு தண்ணி குடு, குடிச்சிட்டுப் போறேன்’ என்கிறான். அவள் எழுந்து உள்ளே போகிறாள். கதை முடிந்தது.

"குடுத்தாளா இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். பதினாறு வருடக் காத்திருப்புக்கு வாத்தியார் வைத்த முடிவைப் பார்த்தீர்களா? எனக்கே அவரை நாலு கேள்வி கேட்கலாம் போல் இருந்தது.

பலவேசம் மைக்கை விடாமல் நின்றார். "எங்கப்பா கடைசி வரைக்கும் மன்னிப்புக் கேக்கல" என்றார். "இதுல கேட்டுருக்காரு. அதான் இத மட்டும் எரிக்க மனசு வரல." பிறகு இருமல் வந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு, "யாராச்சும் தண்ணி குடுங்க" என்றார்.

பந்தலில் எத்தனையோ தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒரு கையும் அசையவில்லை. அத்தனை கண்ணும் மலையம்மாள் மேல். அவள் மடியில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தாள்.

"ஏலே பலவேசம், இங்கன வா" என்றாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மொதல்ல எம்மக கடச் சாவியக் குடு."

அவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார். மலையம்மாள் அதை எடுத்து மகளிடம் நீட்டினாள். பிறகு மூடியைத் திருகிப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

"மெதுவாக் குடி" என்றாள். "பொரையேறிரும்."